நாகரிகம் தெரிந்த நோய்

காய்ச்சலுக்கு இங்கிதம் கிடையாது. கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் வந்து நிற்கும். வலிப்பு நாலு பேர் கூடிய சந்தையில்தான் வரும். பேதியோ முதலாளியின் அறையில் நிற்கும்போதும் முடுக்கும். நோய் என்றாலே மரியாதை தெரியாத ஜாதி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம். அந்தக் களங்கத்தைத் துடைத்த பெருமை ஒரே ஒரு நோயைச் சேரும். அது ஆளறிந்து வரும், இடமறிந்து வரும், கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். தன்னைவிடச் சம்பளம் குறைந்த பெண்ணிடம் பொங்கும். பங்குதாரரின் மனைவியிடம் பெட்டிப்பாம்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் அடக்கம்! இருபது, முப்பது வருடம் ஒருவர் உடம்பில் குடியிருந்தாலும் செய்தித்தாளில் அவர் பெயர் வருகிற நாள்வரை தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது.

இந்த உத்தம நோயைப் பாலுறவு அடிமைத்தனம் என்கிறார்கள். வழக்கு மன்றங்களில் இதற்குத் துணையாக வருகிறவர் மதுவரசர். இருவருக்கும் சேர்த்து ஒரு பாராட்டு மடல் வாசிக்க வேண்டியது நம் கடமை.

அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனிலிருந்து தொடங்குவதே முறை. 2017 அக்டோபர் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஜோடி கேன்டர், மேகன் டூஹி என்ற இரண்டு நிருபர்கள் அவர் மீதான பாலியல் புகார்களை வெளியிட்டார்கள். மூன்றே நாளில் அவர் கட்டிய நிறுவனமே அவரை வெளியேற்றியது. அடுத்த சில நாட்களில் அவர் அரிசோனாவில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. என்ன சுறுசுறுப்பு! நம் ஊரில் சர்க்கரை நோய்க்காரர் காலில் புண் வந்து புரையோடிய பிறகும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டார். இவரோ செய்தி அச்சான வாரத்திலேயே பெட்டி கட்டிவிட்டார்.

செய்தி வந்த அன்றே அவர் விடுத்த அறிக்கையும் பாராட்டுக்குரியது. தான் அறுபது, எழுபதுகளில் வளர்ந்தவன், அப்போது அலுவலக விதிகள் வேறு என்று வரலாற்றுப் பாடம் நடத்தினார். துப்பாக்கி உரிமைக்காரர்களின் சங்கத்தை இனி ஒரு கை பார்க்கப்போவதாகச் சூளுரைத்தார். பெண் இயக்குநர்களுக்கு உதவித்தொகை தர 50 லட்சம் டாலரில் அறக்கட்டளை, அதுவும் தாயார் பெயரில் என்றார். அதைப் பெறவிருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கலை நயம் தெரியாதவர்கள். நெஞ்சு வலிக்கிறது என்று வந்த நோயாளி ஊருக்குச் சமுதாயக்கூடம் கட்டித்தருகிறேன் என்று சொல்லி எந்த மருத்துவராவது கேட்டிருப்பாரா? இந்த நோய் மனிதர்களை அவ்வளவு பெருந்தன்மையாக்குகிறது.

ஆனால் நான் வியப்பது நோயின் நிர்வாகத் திறமையை. தன்னால் அடக்க முடியாத வேட்கை என்கிறோம். அந்த அடக்க முடியாத வேட்கைக்கு நாட்குறிப்பு எழுத உதவியாளர்கள் இருந்தார்கள். நட்சத்திர ஓட்டலில் அறை எடுத்து, தொழில்முறைச் சந்திப்பு என்று இளம் நடிகையை அழைத்து, பேச்சு தொடங்கியதும் உதவியாளரை வெளியே அனுப்பிவிடுகிற ஏற்பாடு இருந்தது. பிறகு வாயை அடைக்க வழக்கறிஞர்கள். 1998இல் லண்டனில் இரண்டு பெண் உதவியாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தொகை 2,50,000 பவுண்டு. அந்த இருவரில் ஒருவரான செல்டா பெர்கின்ஸ் 2017இல் அந்த ஒப்பந்தத்தை மீறித் துணிந்து பேசினார். அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயம் மனதில் நிற்கிறது. ஒன்று, தான் கையெழுத்திட்ட தாளின் நகலை வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு அனுமதியில்லை. மற்றொன்று, வைன்ஸ்டீன் மனநல ஆலோசனைக்குப் போகவேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அந்தப் பெண்கள் தரப்பு வற்புறுத்திச் சேர்த்தது. அதாவது அரிசோனாவுக்குப் பத்தொன்பது ஆண்டு முன்பே மருந்துச்சீட்டு எழுதப்பட்டுவிட்டது, பாதிக்கப்பட்டவர்கள் கையாலேயே. நோயாளிதான் பொறுமைசாலி.

பத்திரிகையாளர்கள் மோப்பம் பிடித்தபோது நோய் இன்னும் ஒரு படி மேலே போனது. பிளாக் கியூப் என்ற இஸ்ரேலியத் தனியார் உளவு நிறுவனத்தை அமர்த்தி, புகார் சொல்லக்கூடிய பெண்களையும் நிருபர்களையும் வேவு பார்க்க வைத்தது. ரோனன் ஃபாரோ இதை 2017 நவம்பரில் நியூயார்க்கர் இதழில் எழுதினார். தன் கையைக் கட்டுப்படுத்த முடியாத ஒரு மனிதர், இரண்டு கண்டங்களில் இத்தனை பேரின் வாயையும் காலையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். வைத்திய சாஸ்திரம் இந்த அற்புதத்தை இன்னும் சரியாக ஆராயவில்லை.

இதில் நோய்க்கு நேர்ந்த ஒரே அவமரியாதை நீதிமன்றத்தில்தான். பத்திரிகைகளின் முன்னால் அவ்வளவு உபசாரம் பெற்ற நோயை, நடுவர் குழுவின் முன்னால் வழக்கறிஞர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே வாதம் வேறு: எல்லாம் அந்தப் பெண்களின் சம்மதத்தோடு நடந்தது. ஊரைப் பார்த்து ‘அடக்க முடியவில்லை’, நீதிபதியைப் பார்த்து ‘அடக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பெண்ணே விரும்பினார்’. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று கேட்கிற அற்பர்களுக்கு நடுவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கில் 2020இல் 23 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு 2024இல் நடைமுறைக் காரணத்துக்காக ரத்தாயிற்று. 2025 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டு மீண்டும் நிரூபணமானது, இன்னொன்றில் விடுதலை. லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கில் தனியாக 16 ஆண்டு. அவர் இன்னும் வன்முறை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் மீதுதான் எனக்கு வருத்தம். 2019இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் கொஞ்சம் தாராளமாக எழுதியிருக்கக் கூடாதா? அடிமைநோய் என்றே போடவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாமை என்ற தலைப்பின்கீழ் வைத்துவிட்டார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டுமாம். நிறுத்த முயன்று முயன்று தோற்றிருக்க வேண்டுமாம். வேலை, குடும்பம், உடல்நலம் கெட்டும், சுகம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சாமலும் விட முடியாமல் தவிக்க வேண்டுமாம். ஊர் தப்பாகப் பேசுகிறதே என்ற வருத்தம் மட்டும் இருந்தால் கணக்கில் வராதாம். அமெரிக்க மனநல மருத்துவர்களோ இன்னும் கறார். 2013இல் வெளியிட்ட தங்கள் கையேட்டில் ‘மிகைப்பாலுணர்வு’ என்று ஒன்றைச் சேர்க்கலாமா என்று விவாதித்து, ஆதாரம் போதாது என்று கைவிட்டார்கள். எந்தப் பட்டியலிலும் ‘அடுத்தவர் சம்மதம் தேவையில்லை என்று தோன்றுதல்’ ஓர் அறிகுறியாக இல்லை. எவ்வளவு பெரிய விடுபடல்!

உண்மையிலேயே இந்தக் கோளாறு வந்தவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அவர்களுக்கு நோயை நடத்தவே தெரியவில்லை. பார்க்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, மூளையில் டோபமின் ஏற்பிகள் தூண்டப்பட்டு, வாழ்நாளில் இல்லாத காமம் திடீரென்று கிளம்பிவிடும். சேமிப்பு கரையும், இரவெல்லாம் கணினி முன்னால் கழியும், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூனிக் குறுகுவார்கள். மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டுப்பாடு போவது என்றால் அது. ஆனால் அவர்களுக்கு உளவு நிறுவனம் அமர்த்தத் தோன்றவில்லை; உதவித்தொகை அறிவிக்கவும் தோன்றவில்லை. நோயாளிகளில் இவர்கள் கடைநிலைதான்.

மதுவரசரிடம் வருவோம். அவர் கொடை இன்னும் பழையது, இன்னும் மலிவானது. நம் செய்தித்தாள்களில் ‘குடிபோதையில் அத்துமீறல்’ என்ற தலைப்பைப் பாருங்கள். செய்தவன் பெயர் இரண்டாம் பத்தியில் வரும், போதை தலைப்பிலேயே வந்துவிடும். பழியைச் சுமக்க இப்படி முன்னால் வந்து நிற்கிற சேவகன் உலகில் வேறு யார்?

பாலியல் தாக்குதல்களில் ஏறத்தாழப் பாதியில், செய்தவரோ பாதிக்கப்பட்டவரோ இருவருமோ குடித்திருந்தார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே தொடர்பு உண்டு, மறுக்க முடியாது. அந்தத் தொடர்பு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் அரசரின் மகிமை இருக்கிறது. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற உளவியலாளர்கள் 1990இல் இதை ஒருவகைக் கிட்டப்பார்வை என்றார்கள். குடித்தவன் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது மங்கிவிடும். அவள் சிரித்தாள் என்பது தெரியும். அவள் வேண்டாம் என்றாள் என்பதும் நாளைக்குப் போலீஸ் வரும் என்பதும் மங்கிவிடும். சரி. ஆனால் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைப் புட்டிக்குள் யாரும் ஊற்றி அடைப்பதில்லை. அது ஏற்கனவே உள்ளே இருந்தது.

1978இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் அழகு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பானம் கொடுத்தார்கள். சிலருக்கு மது கலந்தது, சிலருக்குக் கலக்காதது. தாங்கள் குடித்தது எது என்பதில் பாதிப்பேரிடம் பொய் சொன்னார்கள். பிறகு வல்லுறவை விவரிக்கும் ஒலிப்பதிவைக் கேட்க வைத்து, உடம்பில் கிளர்ச்சியை அளந்தார்கள். உள்ளே போனது மதுவா இல்லையா என்பதால் வித்தியாசம் வரவில்லை. தான் குடித்திருப்பதாக நம்பியவனுக்குத்தான் கிளர்ச்சி கூடியிருந்தது. ஒரு சொட்டுச் சாராயம் இல்லாத பானம்கூட அனுமதிச் சீட்டு வழங்கிவிட்டது! எந்த அரசரின் பெயருக்கு, அவர் ஊரிலேயே இல்லாதபோது இவ்வளவு அதிகாரம்? ஆய்வாளர்கள் மெக்காண்ட்ரூவும் எட்ஜர்டனும் 1969இல் பல நாட்டுக் குடிகாரர்களின் நடத்தையைத் தொகுத்துப் பார்த்து இதையே வேறு வழியில் சொன்னார்கள்: குடித்துவிட்டு என்ன செய்யலாம் என்று ஒவ்வோர் ஊரும் ஒரு கோடு போட்டிருக்கிறது, தள்ளாடுகிறவனும் அந்தக் கோட்டைத் தாண்டாமல்தான் தள்ளாடுகிறான்.

ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரர் பிராக் டர்னர் வழக்கு அரசரின் ஆட்சிக்கு வாடாத மாலை. 2015 ஜனவரியில் ஒரு விருந்துக்குப் பிறகு, குப்பைத்தொட்டிக்குப் பின்னால், நினைவிழந்து கிடந்த பெண்ணைத் தாக்கிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் நாட்டு மாணவர்கள் கண்டார்கள். நிதானமே இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டவர் ஓடினார். ஓட்டம் எடுக்க வேண்டிய தருணம் இது என்று அந்த நிலையிலும் கால்களுக்குத் தெரிந்திருந்தது; துரத்திப் பிடித்தார்கள். மூன்று குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று 2016 மார்ச்சில் நடுவர்கள் சொன்னார்கள். விதிக்கப்பட்டது ஆறு மாதச் சிறை, இருந்தது மூன்று மாதம். தந்தை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில், முன்பு மாட்டிறைச்சித் துண்டை ஆசையாகச் சாப்பிட்ட மகன் இப்போது சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்று உருகினார். இருபது ஆண்டு வாழ்க்கையில் இருபது நிமிடத்துக்கு இவ்வளவு விலையா என்று கணக்குக் கேட்டார். குடித்திருந்தவருக்கு அறப்பொறுப்பு சற்றுக் குறைவு என்பதை நீதிபதியும் கருத்தில் கொண்டார். அந்த மாவட்ட வாக்காளர்களுக்குத்தான் ஈவிரக்கமில்லை. 2018 ஜூனில் வாக்களித்து நீதிபதியையே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அரசரின் நியாயத் தராசை இந்த வழக்கில்தான் முழுசாகப் பார்க்க முடிந்தது. அன்று இரவு இருவரும் குடித்திருந்தார்கள். அவர் குடித்தது அவர் பாரத்தைக் குறைத்தது. அவள் குடித்தது அவள் பாரத்தைக் கூட்டியது: எவ்வளவு குடித்தாய், எத்தனை தடவை இப்படிக் குடித்திருக்கிறாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று விசாரணையில் துளைத்தெடுத்தார்கள். ஒரே சரக்கு, ஆணின் தொண்டையில் இறங்கினால் சலுகை, பெண்ணின் தொண்டையில் இறங்கினால் சாட்சியம். அந்தப் பெண் சானல் மில்லர், 2019இல் தன் பெயரைத் தானே வெளியிட்டு ஒரு புத்தகம் எழுதினார். டர்னரோ தண்டனைக்கு முன்பே ஒரு சேவை செய்ய முன்வந்திருந்தார்: கல்லூரி கல்லூரியாகப் போய்க் குடிப்பழக்கத்தின் தீமை பற்றிப் பேசுவது. தாக்குதலின் தீமை பற்றிப் பேச அவருக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை போலும்.

கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு காலத்தில் அரசருக்குச் சிம்மாசனமே போட்டுக் கொடுத்தது. 1989இல் கியூபெக்கில், எழுபது வயது தாண்டிய நாள்பட்ட குடிநோயாளி ஒருவர், பாதி உடம்பு செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த 65 வயதுப் பெண்ணைத் தாக்கியதாக வழக்கு. பிராந்திப் புட்டியைக் கொண்டுபோனவர் அவர். ஏழெட்டு பீருக்குப் பிறகு அந்தப் பிராந்தியையும் குடித்ததால் எதுவுமே நினைவில்லை என்றார். இவ்வளவு குடித்தால் வேறொருவர் செத்தே போயிருப்பார் அல்லது மயங்கிக் கிடப்பார் என்று மருந்தியல் வல்லுநர் சாட்சி சொன்னார். செத்திருக்க வேண்டிய அளவு போதையிலும் செயல்பட்ட உடம்பு, குற்றம் செய்ய மனம் இல்லாமல் செயல்பட்டிருக்கலாம் அல்லவா? அப்படி வாதிட வழியுண்டு என்று 1994இல் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்புக்கொண்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்கள். கொஞ்சம் குடித்தவனுக்குக் கதவில்லை, அளவு மீறிக் குடித்தவனுக்குக் கதவு திறந்தது. ஊரே கொதித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கதவைச் சாத்தியது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதாக்கியது. ஜூன் மாதத்துக்குள் வேறு சட்டம் வந்துவிட்டது, கவனமில்லாமல் அந்த நிலைக்குத் தன்னைக் கொண்டுபோனவனே பொறுப்பு என்று. சாராயம் மட்டும் ஒருவனை அப்படித் தன்னுணர்வற்ற இயந்திரமாக்குவது நடக்காத காரியம் என்கிற அளவுக்கு அந்த 2022 தீர்ப்பே ஐயப்பட்டது. அரசருக்கு அவர் தர்பாரிலேயே நடந்த அவமானம்.

நம் சட்டம் ஆரம்பத்திலிருந்தே கல்நெஞ்சு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு, ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பமில்லாமலோ போதை ஊட்டப்பட்டிருந்தால்தான் மன்னிக்கும். தானாக ஏற்றிக்கொண்டவனுக்கு, நிதானமாக இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரியும் என்றே வைத்துக்கொள்வோம் என்கிறது அடுத்த பிரிவு. நடைமுறையில் காவல் நிலையத்து வராந்தாவிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் ‘தண்ணியில தெரியாம பண்ணிட்டான், விடுங்க’ என்று சொல்ல நாலு பெரிய மனிதர்கள் இருப்பதால், சட்டத்தின் கடுமை மக்களை அவ்வளவாக வருத்துவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த நோய்க்கும் போதைக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வது சரி. பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களில், எந்நேரமும் காமமே நினைவாக இருப்பவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு கூடுதல் என்று கார்ல் ஹான்சனும் மோர்ட்டன்-பூர்கோனும் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். தனிமை, அவமானம், கோபம் எது வந்தாலும் காமத்தாலோ புட்டியாலோ அதை அமுக்குகிற பழக்கமும் இவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. ஆகவே நோய் இருக்கிறது என்று மெய்ப்பித்தால் அதன் பொருள், இந்த ஆளை இன்னும் கவனமாகக் கண்காணிக்க வேண்டும், குடியை விட வைக்க வேண்டும், சிகிச்சை நீண்ட காலம் தேவை என்பது. வழக்கறிஞர்கள் ஏனோ ஆய்வறிக்கையின் முதல் பாதியோடு படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

பெர்லினில் சாரிட்டே மருத்துவமனை 2005 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. குழந்தைகள் மீது ஈர்ப்பு இருக்கிறது என்று தமக்கே தெரிந்து, கை வைத்துவிடுவோமோ என்று பயந்து வருகிற ஆண்களுக்குப் பெயரை வெளியிடாமல் சிகிச்சை. உரையாடல் உண்டு, தேவைப்பட்டால் காமத்தைத் தணிக்கும் மருந்தும் உண்டு. பிடிபட்ட பிறகு போலீசோடு வருவதில்லை, தாமாகவே வருகிறார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள். வாசலில் நிருபர் இல்லை, கையில் அறிக்கை இல்லை, உதவியாளர் இல்லை. நோய் என்பதைத் தப்பிக்கிற வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர்களைப் பாராட்ட வேண்டுமானால் நான் இந்த மடலின் நடையையே மாற்ற வேண்டும். அதற்கு இது இடமில்லை.

அரிசோனா வகை மையங்களுக்கு அடிப்படை, குடிநோயாளிகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட பன்னிரண்டு படிகள். எட்டாம் படியில், தான் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுத வேண்டும். ஒன்பதாம் படியில், அவர்களுக்கு மேலும் தீங்கு நேராதபடி ஈடு செய்ய வேண்டும். சாதாரணக் குடிநோயாளிக்கு இந்த இடத்தில் கை நடுங்கும். முப்பது வருட மப்பில் யாரை அடித்தோம், யாரிடம் கடன் வாங்கினோம் என்று நினைவு வராமல் பெண்டாட்டியையும் தம்பியையும் கேட்டுக் கேட்டு எழுதுவார். நம் பெரிய மனிதர்களுக்கு அந்தச் சிரமமே கிடையாது. பட்டியல் தயார். பெயர், தேதி, தொகை, சாட்சிக் கையெழுத்து எல்லாவற்றோடும் வழக்கறிஞர் அலுவலகத்துப் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. நகல் வேறு யாரிடமும் இல்லை.